இடப்பக்கம் எழுதிய வழிகள்

இல்லை, எரிக்கவில்லை. எரிக்கத்தான் அடுப்படிவரை எடுத்துப்போனேன். சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நோட்டின் அட்டை நமத்துப்போயிருந்தது, சீக்கிரம் பற்றாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஒரு காரணம். இன்னொன்று, இதையும் ஒரு கார்டையும் விட்டால் உன் கையெழுத்து என்னிடம் வேறு எதிலும் இல்லை.

அத்தான் அதை முந்தாநாள் கொண்டுவந்தார். அக்காவின் கணவரை நீ ஒரு முறை பார்த்திருக்கிறாய்; அரசு அலுவலகமொன்றில் குமாஸ்தா. இந்த நவம்பர் முதல் தேதியோடு நாங்கள் திருவிதாங்கூரை விட்டு மெட்ராஸ் மாநிலத்தில் சேர்ந்துவிட்டோம். நீ இருந்திருந்தால் 'நாம்' என்று எழுதியிருப்பேன். அலுவலகத்தில் காகிதங்களைப் பங்கு பிரிக்கிறார்களாம். திருவனந்தபுரம் போகவேண்டிய கட்டுகள் ஒரு குவியல், இங்கே இருக்கவேண்டியவை இன்னொரு குவியல். இரண்டிலும் சேராதவை ஒரு மூலையில். பூட்டு இல்லாத சாவிகள், பழைய குடை, யாரோ விட்டுப்போன மூக்குக் கண்ணாடி. அவற்றோடு நம் நோட்டு.

"எந்தக் கட்டுலயும் சேராதது கொழுந்தியா. நம்பரு இல்ல, சீலு இல்ல. ஒன் கையெழுத்துன்னு தெரிஞ்சுது, எடுத்துட்டு வந்துட்டேன்" என்றார்.

பிரித்தேன். பூச்சி உருண்டையின் வாடை. அதற்கடியில் மழைக்காலத்துச் சுவரின் வாடை. இரண்டு வருடங்களுக்கு மேல் அது எங்கேயோ ஒரு அலமாரிக்குள் மூச்சுவிட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. சில பெயர்களுக்கு எதிரே சிவப்புப் பென்சிலில் ஒரு சின்னக் கோடு. நாம் போட்டது அல்ல.

அத்தானுக்கு அந்தக் கோடுகள் கண்ணில் படவில்லை. அவர் மகிழ்ச்சியாக இருந்தார். இணைப்பு விழாவுக்கு மலர் போடுகிறார்கள். தமிழோடு சேரவேண்டும் என்று அன்றைக்கே துணிந்து கைநாட்டுப் போட்டவர்கள் பெயரை அதில் அச்சடிக்கவேண்டும் என்று குழுவில் ஆசைப்படுகிறார்களாம்.

"பேரு, ஊரு, வீட்டுக்கு வழி, எல்லாம் இருக்குன்னு சொன்னேன். துள்ளிட்டாங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள குடுத்துரு மக்கா."

வீட்டுக்கு வழி. அந்த இரண்டு சொற்களிலேயே என் மனம் நின்றுவிட்டது.

நம்முடைய பழைய சண்டையை இப்போது நினைத்துப்பார்க்கிறேன். விடுதியில் மற்றப் பெண்கள் சினிமாவைப் பற்றிப் பேசுவார்கள். நாம் அரசைப் பற்றி. உள்ளதை உள்ளபடி அறிவதுதான் படிப்பு என்பாய் நீ. யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள், ஏன் போட்டார்கள், எத்தனை பேர் பயந்து போட்டார்கள். நீதி என்றால் என்ன என்று கேட்காத படிப்பு வெறும் கணக்கெடுப்பு என்பேன் நான். நீ கடப்புறத்தில் பிறந்தவள். உன் அப்பாவுக்கு வள்ளம் இருந்தது. "கடலு எப்படி இருக்கணும்ணு நெனச்சுட்டுப் போனவன் திரும்பி வந்ததில்ல ஏட்டி. எப்படி இருக்குண்ணு பாக்கணும்" என்பாய். நான் வயல்காட்டில் பிறந்தவள். சுசீந்திரத்துக்குத் தெற்கே, மடையில் யாருக்கு முதலில் தண்ணீர் என்று ஆண்டாண்டாக வழக்கு நடக்கிற ஊர். தண்ணீர் எங்கே ஓடுகிறது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கே ஓடவேண்டும் என்பதுதான் வழக்கு.

நம் பேராசிரியருக்கு இரண்டையும் கலப்பது பிடிக்காது. உள்ளதிலிருந்து வேண்டியதைக் கறந்துவிட முடியாது என்பார். ஒன்று இதைச் செய், அல்லது அதைச் செய். ஆளுக்கொரு தலைப்பு வாங்கினோம். உனக்கு, தென் தாலுகாக்களில் மொழிப் பழக்கம். எனக்கு, மக்கள் ஒப்புதலும் மாநில எல்லையும். சேர்ந்து எழுத அனுமதி இல்லை என்றார்கள். ஒரே நோட்டு வாங்கினோம்.

இடப்பக்கம் உனக்கு. பெயர், வீடு, வீட்டில் பேசும் மொழி, அரசாங்கக் காகிதம் வரும் மொழி. வலப்பக்கம் எனக்கு. இந்தப் பகுதி எதோடு சேரவேண்டும், ஏன். நீ மலையாளப் பள்ளியில் படித்ததால் உன் பக்கம் மலையாளத்தில் இருக்கும். என் பக்கம் தமிழில். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

மாசி மாதம். புதுக்கடையில் உன் மாமா வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் உள்ளே நடந்தோம். மரச்சீனிக் கிழங்கு விளைகள், பனைகள், செம்மண் ஏற்றம். வீடுகளுக்கு எண் கிடையாது. ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். அதனால் நீ ஒவ்வொரு பெயருக்கும் கீழே வழி எழுதினாய். சிலுவை நட்ட குருசடிக்குக் கிழக்கே, இரண்டு பலா தாண்டி, கல்படி உள்ள வீடு. ஓடைக்கு இப்புறம், ஓலைச் சாய்ப்பு, முற்றத்தில் உரல்.

"ஏட்டி, இதென்ன, தபால்காரனுக்கா எழுதுகே?" என்று சிரித்தேன்.

"நான் சொல்லியதெ யாரும் நம்பாண்டாம். வேற ஒருத்தன் போயி கேக்கட்டு. அதே பதிலு வந்தாத்தான் அது உள்ளது."

ஒரு நாள் பாதி வழி திரும்பிய பிறகு நீ நின்றாய். கடைசி வீட்டுக்குக் கிழக்கு என்று எழுதியிருந்தாய், தென்கிழக்கு என்று எழுதியிருக்கவேண்டும். நாளைக்குத் திருத்தலாம் என்றேன். நீ கேட்கவில்லை. இரண்டு மைல் திரும்ப நடந்துபோய், முற்றத்தில் நின்று சூரியனைப் பார்த்துத் திருத்திவிட்டு வந்தாய். நான் ஒரு மதகின் மேல் உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கைநாட்டு என் யோசனை. கருத்துச் சொன்னவர் அதற்குப் பொறுப்பேற்று நிற்கவேண்டும், மறைவாகச் சொன்ன கருத்துக்கு மதிப்பில்லை, குடிமகன் என்பவன் வெளிச்சத்தில் பேசுகிறவன் என்றெல்லாம் சொன்னேன். "நிக்கியவனுக்குக் காலு வலிக்கும் மக்கா" என்றாய். ஆனால் மைப்பெட்டியை நீதான் வாங்கிவந்தாய். கைநாட்டு இருந்தால் உன் பதிவுக்கும் உறுதி. நாம் இருவரும் சண்டையில்லாமல் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். உன் காரணத்துக்கு வழி. என் காரணத்துக்குப் பெருவிரல். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம்கூட நாம் யோசிக்கவில்லை. அத்தனை படித்திருந்தோம்.

பொன்னையனை உனக்கு நினைவிருக்கும். பனையேறி. பாளை சீவிவிட்டு அப்போதுதான் இறங்கி, முற்றத்தில் குந்தியிருந்தார்.

"வீட்டுல என்ன பாஷை பேசுவிய?" என்று கேட்டாய்.

"எனக்க பெண்டாட்டி பேசுவா. நான் கேப்பேன்."

"அவிய என்ன பாஷையில பேசுவாவ?"

"தமிழ்லதான் ஏசுவா. தமிழ்ல ஏசினாத்தான் அவளுக்கு மனசு ஆறும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி தங்கம்மையின் குரல் வந்தது. "பனையில நிக்கும்போ மட்டும் ஏசமாட்டேன். விழுந்துட்டா ஆரு சொமக்க?"

எதோடு சேரவேண்டும் என்ற கேள்வியை நான் கேட்டேன்.

"சேரணும்ணு நான் சொன்னா சேத்துருவினுமா?"

"அது தெரியாது. நீங்க நினைக்கியதெ எழுதுவோம்" என்றாய் நீ.

"பின்ன என்னத்துக்குப் பிள்ளே எழுதுக?"

நீ என்னைப் பார்த்தாய். பதில் சொல்லவேண்டியது என் பக்கம். நினைப்பதற்கு ஒரு மதிப்பு இருக்கவேண்டும், அதற்காக, என்று ஏதோ சொன்னேன். அவர் அதை விட்டுவிட்டு வேறொன்று சொன்னார். ஒரு முறை கோர்ட்டிலிருந்து காகிதம் வந்ததாம். மலையாளத்தில். வாசிக்க ஆள் தேடி இரண்டு மைல் நடந்தார். அவன் ஊரில் இல்லை. மறுநாளும் நடந்தார். வாசித்துக் கேட்டபோது விசாரணைத் தேதி முந்தின நாளோடு முடிந்திருந்தது. விளைநிலத்தில் பாதி போய்விட்டது.

"அதுக்கொண்டு சொல்லுகேன். தமிழு கூடத்தான் சேரணும். எழுது பிள்ளே."

வழியெல்லாம் நாம் சண்டைபோட்டோம். அந்தக் கோர்ட்டுக் காகிதம் எந்தப் பக்கம்? நடந்தது, ஆகவே இடப்பக்கம் என்றாய். நடந்திருக்கக் கூடாதது, ஆகவே வலப்பக்கம் என்றேன். கடைசியில் நீ நோட்டை மடியில் விரித்து, இடப்பக்கத்தில் தொடங்கி, நடுத் தையலைத் தாண்டி வலப்பக்கம்வரை ஒரே வரியாக அதை எழுதினாய். பாதி மலையாளத்தில், பாதி தமிழில். பேராசிரியர் பார்த்தால் நம் இருவரையும் வகுப்பைவிட்டு அனுப்பிவிடுவார் என்று சிரித்தோம். நாம் படித்த எல்லாவற்றிலும் அந்த ஒரு வரி மட்டும் எனக்கு இன்றும் தவறாகத் தோன்றவில்லை.

ஆனால் சிரிப்புக்கு முன் நடந்ததைச் சொல்லாமல் விட்டேன். கைநாட்டு. பொன்னையனின் பெருவிரலில் ரேகையே இல்லை. பனை தேய்த்துவிட்டது. காகிதத்தில் ஒரு கறுப்பு வட்டம் மட்டும் விழுந்தது. அவர் விரலை மண்ணில் தேய்த்துப் பார்த்தார்.

"இந்த மை போவாதா?"

"ரெண்டு நாளில போயிரும்" என்றாய்.

"பேப்பரில?"

"அதில போவாது."

பனையை அண்ணாந்து பார்த்தார். அன்று காற்றே இல்லை.

அதற்குப் பிறகு சில வீடுகளில் நம்மைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். ஒரு மத்தியானம் சாயாக் கடையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எந்த ஊர், எந்தப் படிப்பு என்று விசாரித்தார்.

"எல்லா வீடும் எழுதியாச்சா?"

"எழுதிட்டிருக்கோம்."

"ஆருக்கு?"

"பரீட்சைக்கு."

"பரீட்சைக்கா. நல்லது. பத்திரமா வச்சுக்கிடுங்க பிள்ளியளே. காலம் நல்லால்ல."

நமக்கும் சேர்த்துச் சாயாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். யார் என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து நீ பையை முதுகில் போடாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாய். நான் அதைக் கவனித்தேன். கேலி செய்தேன்.

எல்லைகளைப் பரிசீலிக்க டெல்லியில் ஒரு குழு அமைத்திருந்தார்கள். நம் நோட்டைத் தட்டச்சு செய்து மனுவாக அனுப்பவேண்டும் என்று எனக்கு வெறி. பரீட்சைக்கு என்றுதானே சொல்லிக் கேட்டோம் என்றாய். உள்ளது தெரிந்த பிறகு சும்மா இருப்பது எப்படி என்று கேட்டேன். அது உன்னை வாயடைக்கவைத்த கேள்வி. அன்று எனக்கு அதில் பெருமை. அத்தானின் அலுவலகத்தில் தட்டச்சு இயந்திரம் இருந்தது.

"ஒரு நாளு தா. சரி பாத்துட்டுத் தாறேன்" என்றாய்.

மறுநாள் வெளியே போன நான் பதினொரு மணிக்கே உன் மாமா வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அத்தான் ஏதோ வேலையாகப் புதுக்கடை வந்திருந்தார், பன்னிரண்டு மணி பஸ்ஸில் திரும்புகிறார், அவரிடமே கொடுத்தனுப்பலாம் என்று. நீ மேசையில் குனிந்திருந்தாய். பேனா, மைக்கூடு, ஒரு பாதி பிளேடு.

"இன்னும் தீரல்ல ஏட்டி."

"நீ எழுதினதைத்தானே நீ பாக்கே? எத்தனை தடவை பாப்பே?"

"சாயங்காலம் வரைக்கும்."

"பஸ் போயிரும்."

உன் கைக்கு அடியிலிருந்து நோட்டை இழுத்துக்கொண்டேன். நீ விட்டுவிட்டாய். ஏன் விட்டாய் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். திறந்திருந்த பக்கத்தில் மை காயவில்லை. ஊதிக்கொண்டே பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.

அத்தான் பஸ்ஸில் உட்கார்ந்து புரட்டினார். "நல்ல எழுதியிருக்கிய. வீட்டுக்கு வழிகூட போட்டிருக்கு. இதெ வச்சுக்கிட்டு கண்ணெக் கட்டி விட்டாலும் போயிரலாம் போலயே" என்றார். அவர் நல்லவர். பாராட்டத்தான் செய்தார். எனக்கும் அது பாராட்டாகத்தான் கேட்டது.

ஒரு வாரம் கழித்து, மேலதிகாரி பார்க்க வாங்கிக்கொண்டார், அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார், தருவார் என்று சொல்லியனுப்பினார். உனக்கு நான் அதை எழுதவில்லை. தந்துவிடுவார் என்று நினைத்தேன். இல்லை, அதுவும் சரியில்லை. உன் முகத்தைப் பார்க்கப் பயந்தேன்.

அந்த ஆடியில் கடைமுக்கில் போலீஸ் சுட்டதை இங்கே எல்லோரும் அறிவார்கள். நான் எழுதவேண்டியதில்லை. அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. காக்கிக்காரர்கள் உள்ளூர்களுக்குள் வந்தார்கள். தெருமுனையில் நின்று விசாரிக்கவில்லை. நேராக ஒரு வீட்டுக்குப் போனார்கள். பிறகு நேராக இன்னொரு வீட்டுக்கு. இடையிலிருந்த வீடுகளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

உன்னிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'நோட்டு எங்கே?' ஒரே வரி. மற்ற இடம் வெறுமையாக இருந்தது. நான் நடந்ததை எழுதி அனுப்பினேன். அது உன் கையில் கிடைத்த அன்றே மழையில் இறங்கி நடக்கத் தொடங்கினாயாம். நாலைந்து நாள். உன் அம்மா சொன்னாள். ஆவணி பாதியில் நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தாய். வார்டில் இடம் இல்லை. நிமோனியா என்றார்கள்.

நான் வந்து குனிந்தபோது கண்ணைத் திறந்தாய்.

"அவிய எந்தப் பக்கம் வரைக்கும் பாத்தினும்?"

காய்ச்சலில் பிதற்றுகிறாய் என்று நினைத்தேன். தெரியாது என்றேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அவ்வளவுதான் நாம் பேசியது. மூன்றாம் நாள் முடிந்தது.

சுடப்பட்டுச் செத்தவர்களின் பெயர்களை இந்த மாதம் எல்லா மேடையிலும் வாசிக்கிறார்கள். வாசிக்கவேண்டியதுதான். உன் பெயர் அதில் வராது. நீ காய்ச்சலில் செத்தவள். இரண்டு அரசுகளின் எந்தக் குவியலிலும் நீ சேரமாட்டாய்.

நேற்று உட்கார்ந்து நோட்டை முதலிலிருந்து படித்தேன்.

சிவப்புக் கோடுகள் பொன்னையனிடமிருந்து தொடங்கிக் கடைசிவரை போகின்றன. அவருக்கு முன் உள்ள எந்தப் பெயருக்கும் கோடு இல்லை. ஏன் நடுவிலிருந்து தொடங்கினார்கள் என்று புரியவில்லை. பிறகு இடப்பக்கங்களைப் படித்தேன். முதல் வீடு. குருசடிக்கு மேற்கே. நான் நிறுத்தினேன். அந்த வீடு கிழக்கே. நான் அந்தக் கல்படியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன். குருசடிக்கு மேற்கே கல்லறைத் தோட்டம் மட்டும்தான். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். பிளேடால் சுரண்டி, மேலே அதே மையில் எழுதியிருந்தாய். அடுத்த வீடு, ஓடைக்கு அப்புறம். அந்தப் பக்கம் இருப்பது வெறும் பாறை. அதற்கடுத்த வீட்டுக்கு நீ எழுதியிருந்தபடி நடந்தால் குளத்துக்குள் போய் இறங்கவேண்டும். அந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். அக்கா உள்ளேயிருந்து என்ன என்று கேட்டாள்.

வீடு வீடாக, வரிசையாக, எல்லா வழியையும் மாற்றியிருந்தாய். பதில்களில் கைவைக்கவில்லை. மொழி, காகிதம், காரணம், எல்லாம் அப்படியே. வழி மட்டும். பொன்னையனின் பக்கம்வரை. அங்கே அவருக்கு மேலுள்ள வீட்டின் வழி மாறியிருக்கிறது; அவருடையதில் ஒரு சொல் சுரண்டப்பட்டிருக்கிறது, மேலே ஒன்றும் எழுதவில்லை. காகிதம் மெலிந்து, அந்த இடத்தில் வெளிச்சம் தெரிகிறது. அதற்குப் பிறகு எல்லாம் உண்மை. கிழக்கு என்றால் கிழக்கு. அவர்கள் போய்ச் சேர்ந்த வீடுகளுக்குத்தான் சிவப்புக் கோடு.

அங்கேதான் நான் நோட்டை இழுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் நீ என்ன கேட்டாய் என்பது நேற்றுத்தான் விளங்கியது. நீ பிதற்றவில்லை.

உள்ளதை மட்டும் எழுதுவேன் என்றவள் நீ. ஒரு திசையைத் திருத்த இரண்டு மைல் நடந்தவள். அவர்கள் வாழவேண்டும் என்பதற்காக உள்ளதைச் சுரண்டி எடுத்தாய், என்னிடம்கூடச் சொல்லாமல். சொல்லியிருந்தால் நான் உண்மை, பொறுப்பு, வெளிச்சம் என்று வாதாடியிருப்பேன். அது உனக்குத் தெரியும். வேண்டியதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நான், மிகச் சிறிய ஓர் உள்ளதைக்கூட விசாரிக்கவில்லை. இந்த நோட்டு யார் அலமாரிக்குப் போகிறது?

இன்று காலைப் பேருந்தில் புதுக்கடை போனேன். நோட்டை எடுத்துப்போகவில்லை. கண்ணைக் கட்டி விட்டாலும் போகலாம்தான்.

பொன்னையன் இப்போது பனை ஏறுவதில்லை. வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. யாருடைய மரச்சீனி விளைக்கோ காவல் இருக்கிறார். என்னை உடனே தெரிந்துகொண்டார். தங்கம்மைதான் சற்று யோசித்தாள்.

"கடப்புறத்துப் பிள்ளை கூட வந்தவதானே?"

தலையசைத்தேன்.

"அவ வந்திருந்தா. நல்ல மழை. குடையில்ல. இவரு அப்பம் பாயில கெடக்காரு. வாசல்ல நின்னு, 'வழி எழுதினது நானாக்கும், வேற ஆரும் இல்ல'ண்ணா. உள்ள வா பிள்ளேண்ணா வரல்ல. அடுத்த வீட்டுக்குப் போவணும்ணுட்டா."

வேற ஆரும் இல்ல. நீ சொன்ன இரண்டாவது பொய்.

"நோட்டைக் கொண்டுபோயிக் குடுத்தது நான்" என்றேன். "அவ வேண்டாம்னுதான் நெனச்சா. நான் பிடுங்கிட்டுப் போனேன்."

முற்றத்தில் ஒரு கோழி நடந்தது. தங்கம்மை எழுந்து உள்ளே போனாள். உள்ளேயிருந்து சொன்னாள். "ஆரு குடுத்தா என்ன. அடி ஒண்ணுதான். அவ அந்த மழையில வந்தா. நீ ரெண்டு வரிஷம் கழிச்சு வந்திருக்கே."

வந்த காரியத்தைச் சொன்னேன். விழா மலரில் பெயரை அச்சடிக்கக் கேட்கிறார்கள். இப்போது பயமில்லை. மரியாதைக்காக. நல்லதுக்குத்தான்.

"அப்பமும் நல்லதுக்குத்தானே கேட்டிய?" என்றார் பொன்னையன். கோபமாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பிறகு, "வழியும் போடுவினுமா?" என்றார்.

"கேட்டா போடுவாங்க."

"எனக்க வீடு கடலுக்குள்ள இருக்குண்ணு போடு பிள்ளே. நீந்தி வரட்டு." அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. தங்கம்மை சிரிக்கவில்லை.

"பேரையும் எடுத்துரட்டுமா?"

நல்ல கையால் மற்றக் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "பேரு கெடக்கட்டு. சொன்னது நான்தானே. இப்பம் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். வீடு இவளுக்கது. அதெ ஆருக்கும் காட்டாண்டாம்."

எழுந்தேன். வாசல்வரை தங்கம்மை வந்தாள். வழியனுப்ப அல்ல. நான் அடுத்த வீட்டுக்குப் போகிறேனா என்று பார்க்க. போனேன். அங்கே கதவு திறக்கவில்லை. அதற்கடுத்த வீட்டில் ஒரு கிழவர், தன் பெயரை அடித்துவிடச் சொன்னார். நான் காரணம் கேட்கவில்லை. மூன்று வீட்டோடு வெயில் இறங்கிவிட்டது. ஏற்றத்தில் திரும்பும்போது, ஒவ்வொரு முற்றத்திலிருந்தும் யாரோ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடிகள் கட்டியிருந்தார்கள். நாம் கேட்டது கிடைத்துவிட்டது. கதவுகள் இன்னும் பாதிதான் திறக்கின்றன.

புதிய அரசிலும் அலமாரிகள் இருக்கும். அவற்றுக்குப் பூட்டும் இருக்கும், சாவி வைத்திருக்கும் ஒருவர் இருப்பார், அவரும் பெரும்பாலும் நல்லவராகவே இருப்பார். நான் அடுத்த வாரம் வகுப்பில் நிற்கவேண்டும். கல்லூரியில் தற்காலிகமாக ஒரு வேலை கிடைத்திருக்கிறது. உள்ளது, வேண்டியது என்று பலகையில் இரண்டு பத்தி போடச் சொல்வார்கள். போடுவேன். ஒருவரிடம் கேள்வி கேட்பதே அவருக்கு நாம் செய்யும் ஒரு காரியம் என்பதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான் நிற்பேன். நீ இருந்தால் நடுவில் எழுது என்பாய்.

வீட்டுக்கு வந்ததும் அத்தானிடம் மலருக்கு நோட்டைத் தரமாட்டேன் என்று சொன்னேன். அவர் முகம் வாடியது. பெயர் வரவேண்டும் என்று அவரவரே சொன்னால் அந்தப் பெயரை மட்டும் தனித்தாளில் எழுதித் தருகிறேன் என்றேன். பிறகு மேசையில் விளக்கை ஏற்றி, பிளேடை இரண்டாக ஒடித்து, நீ நிறுத்திய சொல்லிலிருந்து தொடங்கினேன்.